மறுபடி தொடங்கும் வரை

குமாரபாளையத்து மாலைநேரக் கணினி வகுப்பில் ரஞ்சிதா ஷேர்டு லைப்ரரி உருவாக்கக் கற்றிருந்தாள். பல புரோகிராம்களுக்கும் பொதுவானதை ஒரே கோப்பில் வைத்தால், ஒவ்வொன்றும் தொடங்கும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிற்சிக்காக வீட்டிலுள்ளவர்களின் பெயர்களை அதில் வைத்தாள்.

ஞாயிறு மதியம் அண்ணன் வளவன் அவள் திரையை எட்டிப் பார்த்தான். "இது ஓடுமா, நொண்டுமா?" என்று சிரித்துவிட்டு டீக்கடைக்குப் போனான். ரஞ்சிதா கோபத்தில் அவன் பெயரை அழித்து, மாற்றம் ஏறும்படி லைப்ரரியை மீண்டும் கம்பைல் செய்தாள்.

இரவெல்லாம் தறி ஓட்டிவிட்டு வந்து, காலைச் சோறு போட்டுவிட்டுத் தூங்கிய அம்மா பெருமாயி அப்போதுதான் எழுந்தாள். திரும்பி வந்த மகனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏனுங்க, யாரு வேணுமுங்க?"

காலையில் அவனைச் சாமி, சாமி என்று சோறுண்ண அழைத்தவள். விளையாட்டென்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ரஞ்சிதா பதறிப்போய்ப் பெயரைத் திரும்பச் சேர்த்தாள். அம்மா மாறவில்லை. எதையோ தப்பாகச் செய்துவிட்டோமென்று ஆசிரியரை போனில் அழைத்தாள்.

"சார், மாத்தியும் பழசே வருதுங்க."

"ஓடிட்டிருக்கறது பழசத்தான் புடிச்சிட்டிருக்கும்மா. அத நிறுத்தி, மறுக்கா ஆரம்பிச்சாத்தான் புதுச எடுக்கும்."

ரஞ்சிதா அம்மாவுக்குப் பாயை விரித்தாள். "இன்னுங் கொஞ்சம் தூங்கும்மா. எந்திரிச்சா எல்லாஞ் செரியாயிடும்."

"தெரியாத ஆளு வாசல்ல நிக்கறப்ப எப்படிச் சாமி கண்ண மூடுவேன்?"

வளவன் படியில் உட்கார்ந்து அழுதான். பெருமாயி மனம் கேட்காமல் அவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அழுவாதீங்க. உங்கம்மா தேடிட்டிருப்பாங்க, ஊட்டுக்குப் போங்க."