கூண்டுக்கு நிழல்

பாகூர் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாக்யராஜின் கறிக்கோழிக் கடைக்கு எதிரே, கம்பிக் கூண்டுக்குள் டவுனிலிருந்து வந்த ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 'கோழிக்கும் வலிக்கும்' என்ற அட்டை கழுத்தில் தொங்குகிறது. கன்னத்தில் சிவப்புச் சாயம், தோளில் பசை போட்டு ஒட்டிய வெள்ளை இறகுகள். கூட வந்தவர்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். கடைக்குள் பாக்யராஜின் மனைவி சகாயராணி கூண்டைப் பார்த்துக்கொண்டே கோழி உரிக்கிறாள். பாக்யராஜ் கடை வாசலில் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு போய்க் கூண்டின்மேல் போர்த்துகிறான். வெயில் நேராக வந்து சகாயராணியின் முகத்தில் விழுகிறது. அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திறந்து கம்பிக்குள் நீட்டுகிறான். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை.

"நம்ம பொழப்ப கெடுக்க வந்தவளுக்கு இன்னாய்யா இவ்ளோ கவனிப்பு?" என்கிறாள், அவன் திரும்பி வந்ததும்.

"பச்ச புள்ளடி. வெயில்ல வாடுது பாரு."

சகாயராணி புறங்கையால் முகத்து வியர்வையை வழிக்கிறாள். பசையில்லாமலே நாலைந்து இறகுகள் அவள் கன்னத்தில் ஒட்டிக்கொள்கின்றன.

"உள்ள எடம் இருக்குதான்னு கேளு. நானும் போய் குந்திக்கிறேன்."