வீட்டுக்கு ஒரு கல்

காலை ஏழரை மணிக்கு இருளாயி கூடையோடு வந்து தவசியின் வாசலில் நின்றாள். மூன்று நாளுக்கு முன், கோயில் மணியைத் திருடியவன் என்று அவள் புருஷன் சோணையை ஊரே கல்லால் அடித்துக் கொன்றது. பழி ஒருவர் தலையில் விழக்கூடாது, வீட்டுக்கு ஒரு கல் என்று பேசி முடித்திருந்தார்கள். தவசிக்கு எறிய மனமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் இவன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் எறிந்தான். கண்ணை மூடிக்கொண்டுதான் எறிந்தான்.

தெருவில் மற்ற எல்லா வாசல்களிலும் ஒவ்வொரு கல் கிடந்தது. தவசியைத் தவிர ஒருவரும் வெளியே வரவில்லை. இருளாயியின் கூடையில் இரண்டு கற்கள்தான் மிஞ்சியிருந்தன. ஒன்றை எடுத்து அவன் காலடியில் வைத்தாள். உடைந்த அம்மித் துண்டு. நன்றாகக் கழுவியிருந்தாள், அரைத்த மஞ்சளின் கறை மட்டும் போகவில்லை.

"உங்க வீட்டுதுதானண்ணே?"

"எல்லாரும் எறிஞ்சாங்க, தாயி. ஊரோட ஒத்துப் போகணும்ல..."

"ஆமாண்ணே. ஊர்க்கட்டுன்னா எல்லாருக்கும்தான்."

இன்னொரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டாள். அது அவள் வீட்டு அடுப்புக்கல். ஒரு பக்கம் கரி படிந்திருந்தது.

"வீட்டுக்கு ஒண்ணுன்னுதானே பேச்சு? எங்க வீட்டுக் கல்லு மட்டும் இன்னும் விழல. யார் மேல எறியட்டும்?"