சாப்பிடக் கூப்பிட்ட குரல்

இரும்புலியூர் ராஜகோபாலன் சாரின் மகள் வேதா போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். “அப்பா, சாப்பிட வாங்க” என்று அவள் விளையாட்டாகப் பேசிப் பதிந்த ஒரே குரல் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது, கண்ணுங்களா.

இப்போது ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் குப்புராஜ் கேபிளை மாற்றினான். மெல்லத் தட்டியும் பார்த்தான். கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி அவர் கையில் வைத்தான்.

“பூட்ச்சி சார். ஒண்ணியும் தேறாது.”

“அவ குரலை மட்டுமாவது எடுத்துக் குடுப்பா.”

குப்புராஜ் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டான். அப்போது மேசைமேலிருந்த ஸ்பீக்கரில் வேதா கூப்பிட்டாள்.

“அப்பா, சாப்பிட வாங்க. அந்த அண்ணாவையும் கூட்டிட்டு வாங்க.”

குப்புராஜ் பிளக்கைப் பார்த்தான். அது தரையில்தான் கிடந்தது.

“வாப்பா, ஆறிடப் போகுது” என்று சார் கை கழுவ எழுந்தார்.