குளித்து எழுந்த சண்டை

இடஒதுக்கீட்டு மறியலின் இரண்டாம் நாள். சாலையில் அடிதடி; மரங்கள் வெட்டப்பட்டுக் கிடப்பதால் வடக்கனந்தலிலிருந்து கீரை வரவில்லை. கூண்டில் ஒரு பிடி அருகம்புல்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமையாயிற்றே என்று நசீமா, தான் சீமை எலி என்று சொல்லும் கினிப்பன்றிகள் இரண்டையும் குளிப்பாட்டிவிட்டாள். உடல் வாசனையோடு, எது பெரியது என்ற பழைய முடிவும் கரைந்துபோயிற்று. ஈர மயிர் சிலிர்க்க, இடுப்பை மெல்ல ஆட்டி, கறுப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றும் தொண்டைக்குள் உறுமுகின்றன. பற்கள் நறநறக்கின்றன. குறுக்கே வைக்க நசீமா முறத்தைத் தூக்குகிறாள். “வுடு, கடிச்சிக்காதுங்க. யாரு பெரியவன்னு பாத்துக்கினு இருக்குதுங்க” என்கிறான் அவள் கணவன் அப்சல். சன்னல் வெயிலில் இரண்டு முகவாய்களும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கின்றன. பிறகு கறுப்பு தலையைத் தாழ்த்துகிறது. வெள்ளை போய்ப் புல்லைத் தின்கிறது. கறுப்பு மறுமுனையைக் கடிக்கிறது, வெள்ளை தலைகூடத் தூக்கவில்லை. முறத்தை இறக்க மறந்து நிற்கிறாள் நசீமா. “ரெண்டும் ஆம்பளைங்க. ஒரு சொட்டு ரத்தம் இல்லீங்க.”