பத்துக்குக் கீழே

“ஒண்ணுதாம்மா குறையுது. அதுக்கு நான் இன்னா பண்றது?” என்ற தேவகி, சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியவளாய்க் கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருத்தணி சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவள் அவள்தான்.

எதிரே இருந்த ஆய்வு மாணவி யுவஸ்ரீ எழுந்திருக்கவில்லை. பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி, துறைக்கு விண்ணப்பம், நோயாளி யாரென்று கண்டுபிடிக்க முயல மாட்டேன் என்று ஓர் உறுதிமொழி. பதினோரு மாதம் அலைந்து வாங்கிய பட்டியல் அது. சிறுநீரகம் பழுதாகி அரசு மருத்துவமனையில் பதிந்துகொண்டவர்கள் ஊருக்கு எத்தனை பேர் என்று அதில் இருந்தது. அவள் ஊருக்கு நேராக மட்டும் எண் இல்லை, வெறும் கோடு.

பத்துப் பேருக்குக் குறைந்தால் எண்ணைக் கொடுக்க மாட்டார்கள். சின்ன ஊரில் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் அப்படி ஒரு விதி. நியாயமான விதிதான். ஆனால் நோய்க்குத் தண்ணீர்தான் காரணமோ என்ற சந்தேகத்தில், ஊருக்குக் குடிதண்ணீர் தரும் போர்க்கிணற்றைச் சோதிக்கச் சொல்லி அவள் ஒன்றிய அலுவலகத்தில் மூன்று முறை கேட்டுவிட்டாள். எத்தனை பேருக்கு வந்திருக்கிறது, காகிதத்தில் காட்டு என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாதாமாதம் புதுப் பெயர்களை ஏற்றுவோம், அடுத்த மாதம் வா என்றாள் தேவகி. உங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் எல்லையைத் தாண்டி நகரிக்கும் புத்தூருக்கும் வைத்தியத்துக்குப் போகிறார்கள், அவர்கள் ஆந்திராக் கணக்கு, இதில் எப்படி வருவார்கள் என்றும் அலுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு ஆள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று யுவஸ்ரீ வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தாள். எதைத் தேடுகிறோம் என்பது உறைத்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் அப்பா கஜபதி முழுக்கைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் படுத்திருந்தார். நகரியில் அவருக்குப் பூர்வீகமாக வந்த அரை ஏக்கர் நிலத்தின் மேல் ஒரு வழக்கு. ஐந்து மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் வக்கீலைப் பார்க்கப் போய்வருகிறார். போய்வந்த அன்று யாரோடும் பேச மாட்டார்.

“வாரத்துக்கு ரெண்டு வாட்டி வாய்தாவாம். வெயில்ல முழுக்கைச் சட்டை வேற. கேஸ் நடக்குதோ, கல்யாணம் நடக்குதோ” என்றாள் அம்மா, தட்டை வைத்துக்கொண்டே.

கஜபதி லேசாகச் சிரித்தார். யுவஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதில் வந்து நிற்கிறது நைனா என்று ஆரம்பித்து, பத்து என்கிற விதியை, நகரிக்குப் போகிறவர்கள் கணக்கில் வராததை, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். இன்னும் ஒருவர் நம்ம ஆஸ்பத்திரியில் பதிந்திருந்தால் போதும் என்று சொல்லும்போது அவளுக்கே நாக்கு கூசியது.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“பேரு வெளியில வருமா?”

“வராது நைனா. ஊரும் எண்ணிக்கையும்தான். பக்கத்து ஊட்டுக்குக்கூடத் தெரியாது.”

கஜபதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அந்த மாதம் முழுக்கச் சென்னை விடுதியில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மற்ற ஊர்களின் எண்களை வைத்து அத்தியாயம் எழுதுவாள், எழுதியதை அழிப்பாள். அந்தக் கோட்டைத் தாண்டி மனம் நகர மறுத்தது.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தேவகியின் முன்னால் போய் நின்றாள். தேவகி திரையை அவள் பக்கம் திருப்பினாள். கோடு இருந்த இடத்தில் பத்து என்று இருந்தது.

முத்திரை குத்திய தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது யுவஸ்ரீக்கு ஓட வேண்டும் போலிருந்தது. நாலு எட்டு வேகமாக நடந்தாள். பிறகு நடையைக் குறைத்தாள். போன மாதம் இல்லாத ஒருவர் இந்தத் தாளில் இருக்கிறார். அவரை வேண்டி வேண்டி வரவழைத்தது தான்தானோ என்று ஓர் எண்ணம் ஓடியது. பஸ் நிலையத்தில் ஒரு ஓரமாக ஒதுங்கி அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“நைனா, பத்து வந்துட்டுது. நேரா ஒன்றியத்துக்குத்தான் போறேன். இனிமே தண்ணியைப் பார்க்க மாட்டோம்னு சொல்ல முடியாது.”

“ஆங். நல்லது கண்ணு. போய்க் குடு.”

அவர் குரலில் களைப்பு இருந்தது. பின்னால் யாரோ படுக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

“மனசு கேக்கல நைனா. பாவம், அது எந்த ஊட்டு ஆளோ.”

பேருந்து ஒன்று கிளம்பிப் போய், அதன் புழுதியும் அடங்கியது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அவள் மறுபடி வைத்துக்கொண்டாள்.

“நம்ம ஊட்டு ஆளுதான் கண்ணு. நகரி ஆஸ்பத்திரியிலேர்ந்து பேரை இங்க மாத்திக்கினேன்.”