மயில் கழுத்து முகில்

தைப்பொங்கலன்று சூரியனே எழாத வட நோர்வே ஊரில், பங்குனி வெயில் வந்த பிறகுதான் தமிழர்கள் பொங்குவார்கள். இந்த வருடமாவது முற்றத்தில் பொங்கலாம் என்று தர்மினி மகள் நிலானிக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த கணவனின் தம்பி சுதன், மத்தியான மங்கலில் ஜன்னலோரம் நின்று கூப்பிட்டான். "அண்ணி, ஓடி வாங்கோ. முகிலெல்லாம் மயில் கழுத்து நிறம்."

தர்மினி எட்டிப் பார்த்தாள். "வடிவுதான் தம்பி. மேல கடுங்குளிர் பிடிச்சாத்தான் இந்த முகில் வரும். பழைய குளிர்ப்பெட்டி வாயு அதில பட்டு நஞ்சாகி, வெயில் வந்தோடன ஓசோனைத் தின்னும். பிறகு வெயில் தோலைச் சுடும், பிள்ளையளை வெளியில விடேலாது."

பக்கத்தில் நின்று கேட்ட நிலானி அழவில்லை. மஞ்சள் அட்டையில் வெட்டிய சூரியனை எடுத்து வந்து சுதனிடம் நீட்டினாள்.

"பொங்கலண்டைக்கு நீங்கள் குசினிச் சுவரில ஒட்டிவிடுங்கோ, சித்தப்பா. போன வருசம் அம்மா ஒட்டினது பொங்க முந்தியே விழுந்திட்டுது."