முடிக்க வேண்டிய காரியம்

இன்றைக்கும் ஞானதுரை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் நின்றார். வெறுங்காலோடு பாய்ந்து வந்தால் சத்தம் கேட்காது என்று வைகுண்டராஜுக்குத் தோன்றியது. மாடி ஜன்னல் திரையை லேசாக விலக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மடவார் வளாகத் தெருவில் அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. எதிர்ச்சுவரை ஒட்டி நின்ற ஞானதுரை இந்த வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன.

"அந்தாளு இன்னிக்கும் வந்துட்டாரா?" மனைவி கார்த்திகா பின்னால் வந்து நின்றாள்.

"ம்."

"ராஜபாளையத்துல வீட்ட வச்சுக்கிட்டு, முத பஸ்ஸப் புடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து நம்ம வாசல்ல நிக்காருன்னா சும்மாவாங்க? வாய்க்குள்ள வேற என்னமோ ஓதுதாரு. செய்வினை கிய்வினையா இருக்கப் போவுது. போலீசுல ஒரு வார்த்த சொல்லிருங்க."

சொல்லலாம். ஆனால் அவருக்கும் உங்களுக்கும் என்ன பகை என்றுதான் போலீஸ் முதலில் கேட்கும்.

வைகுண்டராஜ் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் சூப்பர்வைசர். ஞானதுரை அதே மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மகன் ஆல்வினையும் அங்கேயே சேர்த்துவிட்டிருந்தார். மெஷின் அடிக்கடி நின்றுபோகிறது, பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டு என்று ஆல்வினிடம் சொன்னது வைகுண்டராஜ்தான். அன்று சாயங்காலமே அவன் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

விசாரணையில் வைகுண்டராஜ் வாய் கூசாமல் சொன்னார். "பையன் செல்போனப் பாத்துக்கிட்டே கைய உள்ள விட்டுட்டான்."

கையோடு வேலையும் போயிற்று. மில் வாசலில் ஞானதுரை கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. வைகுண்டராஜை நெடுநேரம் பார்த்தார், போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இந்தத் தெருவுக்கு வர ஆரம்பித்தார். முதலில் குரைத்துத் தள்ளிய வீட்டு நாய்கூட இப்போது அவரைக் கண்டால் வாலை ஆட்டுகிறது.

அன்று மில்லுக்குப் போனதும் வைகுண்டராஜ், சோலைராஜைத் தனியாகக் கூப்பிட்டு ஞானதுரையைப் பற்றி விசாரித்தார். அவன் அவரோடு ஒரே கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவன்.

"அவியளா? ஆளே மாறிட்டாக சார். யார்ட்டயும் பேச்சு கெடையாது. திருவிருந்து அன்னிக்கு அப்பம் வாங்க சபையே முன்னால போயி முழங்கால் போடும். அவிய மட்டும் கடைசி பெஞ்ச விட்டு எந்திரிக்க மாட்டேங்காக."

"ஏன்?"

"போதகரும் கேட்டுப் பாத்தாரு. 'எனக்கு முடிக்க வேண்டிய காரியம் ஒண்ணு கெடக்கு. அத முடிக்காம அந்த அப்பத்துல கை வைக்க மாட்டேன்'னு சொல்லிட்டாகளாம்." சோலைராஜ் குரலைத் தாழ்த்தினான். "சொல்லும்போது கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சாம். செத்த பாத்து இருந்துக்கோங்க சார்."

சாயங்காலம் வீடு திரும்பும்போது வைகுண்டராஜின் பைக்குள் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினார். கார்த்திகா தெருவைக் கடந்து ஞானதுரைக்கு எதிரிலேயே போய் நின்றிருந்தாள். கையை நீட்டி நீட்டி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஞானதுரை சுவரை விட்டு விலகி அவளை நோக்கி ஓர் எட்டு வைத்தார். அவர் கை மெல்ல மேலே எழுந்தது.

வைகுண்டராஜ் கம்பியோடு படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

"அவ மேல கை வைக்காத ஞானதுரை. எதுன்னாலும் எங்கூட வச்சுக்கோ."

ஞானதுரை கும்பிடு போட்ட கையை இறக்கினார். கம்பியைப் பார்த்தார். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"ஆமா சார். உங்ககூடத்தான். தங்கச்சிட்டயும் அதத்தான் சொல்லிட்டு இருந்தேன்."

"ஆல்வின் அனுப்புனானா?"

"அவனுக்குத் தெரியாது சார். ஆசுபத்திரிக் கட்டில்ல கெடக்கும்போதே அவன் எல்லாத்தையும் விட்டுட்டான். இப்ப எடது கையால எழுதிப் பழகுதான். எனக்குத்தான் விட முடியல." அவர் குரல் கரகரத்தது. "அவன் ஒத்தக் கையால சோத்தப் பெசையுதப் பாக்கும்போதெல்லாம் எனக்குள்ள என்னமோ எரியுது. வீட்டுல இருந்து செஞ்சா ஆக மாட்டேங்குது. உங்க வாசல்ல நின்னு, உங்க மொகத்தப் பாத்துதான் செய்யணும்."

கார்த்திகா கணவனின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வைகுண்டராஜ் தூக்கிய கம்பியை இறக்கவில்லை.

"என்ன செய்யணும்?"

ஞானதுரை அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உங்கள மன்னிக்க மனசு தாரும்னு ஜெபம் பண்ணுதேன் சார். இன்னும் கெடைக்கல, நாளைக்கும் வாரேன்."